பன்னிரண்டாவது அட்டை

இருபத்திரண்டு வருடங்களாக என் பணப்பையில் ஓர் அட்டை இருந்தது. எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழகத்தின் இளையோர் பிரிவு ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த அனுமதி அட்டை. இடப்பக்கம் என் அண்ணனின் படம், நெற்றியில் ஒட்டிய மயிரும் சிரிக்காத முகமுமாக. படத்தின் கீழே அவன் பெயர். வலப்பக்கம் கழகத்தின் முத்திரையும் பிறந்த தேதியும். முகமும் பெயரும் அண்ணனுடையவை. தேதி மட்டும் என்னுடையது.

அது அச்சுப் பிழை அல்ல. நாங்கள் சுவிசுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழ்கள் எங்கேயோ தொலைந்திருந்தன. அகதி விசாரணையில் பிள்ளைகளின் பிறந்த தேதிகளைக் கேட்டபோது, அப்பா பதற்றத்தில் எங்கள் இருவருடையதையும் மாற்றிச் சொல்லிவிட்டார். வெளியே வந்து அம்மா தலையில் கைவைத்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. போய்த் திருத்துங்கள் என்று அம்மா மன்றாடினார். "ஒண்டு பிழையெண்டால் எல்லாமே பொய் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று அப்பா மறுத்துவிட்டார். இப்படித்தான் கடதாசியில் நான் மூத்தவனானேன், அண்ணன் இளையவனானான். அதோடு வீட்டுக்கு ஒரு சட்டமும் வந்தது. "வீட்டுக்குள்ள எப்பிடியெண்டாலும் கூப்பிடு. வெளியில அவன்தான் உனக்கு அண்ணை" என்று அப்பா என் அண்ணனிடம் சொன்னார். பேருந்திலும் பள்ளிக்கூட வாசலிலும் அவன் என்னை அண்ணை என்று கூப்பிட்டான். முதல் வாரம் எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சந்தோஷம் பள்ளிக்கூடம் தொடங்கும்வரைதான். எட்டு வயதுக்காரனான என்னைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். வகுப்பிலேயே நான்தான் குள்ளன். கணக்கும் விளங்கவில்லை, ஜெர்மனும் விளங்கவில்லை. அண்ணன் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்றான். அவர்களைவிட ஒரு தலை உயரம். கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவனைப் பார்த்த அன்றே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இந்த வயதில் இவ்வளவு உயரமும் இந்த நிதானமுமா என்று வியந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நானும் அதே கழகத்தில் சேர்ந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு, அவர்களின் முழங்கைகளுக்குக் கீழே ஓடித் திரிந்தேன். பந்து என் கைக்கு வந்தால் என்னால் எதையும் செய்ய முடியும். வந்தால்தானே.

பொறாமை என்று இப்போது இலகுவாக எழுதிவிடுகிறேன். அப்போது அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவன் கோப்பை வாங்கிய ஒவ்வொரு நாளும் நான் சாப்பிடாமலே படுத்துவிடுவேன். அவன் விளையாடுவது என்னுடைய வருடங்களை என்று நினைத்துக்கொள்வேன். வேடிக்கை என்னவென்றால் பதினாறு வயதில்தான் நான் வளரத் தொடங்கினேன். அம்மா வழியில் எல்லோரும் நெடுவல்கள். அந்த வருடமே அண்ணனைத் தாண்டினேன். ஆனால் கடதாசியில் எனக்குப் பதினெட்டு. இளையோர் பிரிவு முடிந்துவிட்டது. பெரியவர்கள் அணியில் இடமில்லை என்றார்கள். வேண்டுமானால் மேசையில் இருந்து புள்ளி எழுது என்றார்கள்.

ஷாஃப்ஹவுசனில் நடந்த ஆட்டத்துக்கும் புள்ளி எழுதத்தான் போனேன். நாட்டின் இளையோர் பயிற்சி முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க அன்று ஒருவர் வருவதாக இருந்தது. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா, "இதுக்கெல்லாம் போகாத. பேப்பரைத் தோண்டுவாங்கள்" என்று அண்ணனிடம் கெஞ்சினார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனான். அடுத்த நாள் காலை, அவன் குளிக்கும்போது, அவனுடைய பையின் பக்கப் பொக்கற்றைத் திறந்து அட்டையை எடுத்தேன். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

ஆட்டத்துக்கு முன்னர் நடுவர் என் மேசைக்கு வந்து எங்கள் அணியின் அட்டைகளை எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பன்னிரண்டாவது என் சட்டைப்பையில் இருந்தது. அண்ணன் பையைத் தரையில் கொட்டித் தேடினான், காலுறைகளை உதறிப் பார்த்தான். வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்று நடுவர் கேட்டார். அவனுடைய விசா அட்டை எங்கள் ஊரான பீலில் அப்பாவின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. நாற்பது நிமிட ஆட்டம் முழுவதும் அவன் வெளி உடுப்போடு ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தான். நான் ஒரு புள்ளியும் பிசகாமல் எழுதினேன். வந்தவர் எதிரணியில் ஒருவனைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் மற்றப் பையன்களும் வளர்ந்துவிட்டார்கள், அண்ணன் வளரவில்லை. அன்றைய சந்தர்ப்பம் பிறகு வரவேயில்லை.

ஆனாலும் அவன் விடவில்லை. உள்ளூர்ச் சின்ன அணிகளில் விளையாடினான், குடியுரிமை கிடைத்ததும் ஒரு முகவரைப் பிடித்து வெளியே போனான். போர்த்துக்கல், ஸ்லோவாக்கியா, சைப்பிரஸ், பின்லாந்து, ஐஸ்லாந்து. எல்லா நாட்டிலும் பெரிய பெயரில்லாத ஊர்கள், பத்து மாத ஒப்பந்தங்கள். கழகம் கொடுத்த அறையில் கால் நீட்ட முடியாத கட்டில், பக்கத்துக் கட்டிலில் ஓர் அமெரிக்கன், வாசலில் இறைச்சிக்கடை விளம்பரம் ஒட்டிய கார். இரண்டு ஆட்டம் தோற்றால் தை மாதத்திலேயே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். நான் பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், ஆறடி மூன்றங்குல உடம்பை மடித்து, பூதக்கண்ணாடிக்குள் குனிந்து பற்சக்கரம் பொருத்திக்கொண்டிருந்தேன். அவன் அனுப்பும் படங்களைப் பார்த்துப் புகைவேன். அவனைக் கழகத்தை விட்டு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டபோதும் பொறாமைதான் வந்தது. அனுப்புவதற்கு முன் யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் அல்லவா. கலியாண வீடுகளில் சனம் என்னைப் பிடித்து, "நீங்கள் அந்தப் பாஸ்கெட்போல் பெடியன்ர அண்ணையோ?" என்று கேட்கும். ஓம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவேன்.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். ஐஸ்லாந்தில் இருந்து வந்த அண்ணன், தகனம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என்னோடு வாகனத் தரிப்பிடத்தில் நின்றான். "அப்பாவோட எனக்கு ஒரேயொரு கோபம்தான். அதைக் கேக்காமலே விட்டிட்டன்" என்றான். எனக்கு விளங்கியது. அட்டையை எடுத்தது அப்பாதான் என்று பதினெட்டு வருடங்களாக அவன் நினைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் அப்பாவோடு ஒரு சொல்லில் கதையை முடித்துக்கொண்டதும், அப்பா அவனுக்காகக் கோழி வாங்கி வந்து குசினியில் தனியே நின்றதும் அப்போதுதான் எனக்கு அர்த்தமாயின. அட்டை என் காற்சட்டைப் பையில், பணப்பைக்குள், என் தொடையோடு இருந்தது. குளிருது, காருக்குள் ஏறு என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

போன இலையுதிர் காலத்தில் அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். நாற்பது வயது, கடதாசியில் முப்பத்தெட்டு. இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. பீலில் பேருந்து ஓட்டப் பழகுகிறான். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் விளையாடும் கடைசிப் பிரிவு அணி ஒன்றில் சேர்ந்தான், என்னையும் இழுத்தான். அங்கே வயது பார்ப்பதில்லை. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே அணியில் நிற்பது அதுதான் முதல் தடவை. உடைமாற்றும் அறையில் இருந்து அவன் தொலைபேசியில் என் பதிவை நிரப்பினான். இப்போது அட்டை கிடையாது. பிறந்த தேதி என்ற இடம் வந்ததும் சிரித்தான். கடதாசியில் என்னுடையதாகிவிட்ட தன்னுடைய தேதியைத் தானே அடித்தான்.

"பயப்பிடாத, அண்ணை. இந்தமுறை ஒளிக்க அப்பா இல்லை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பணப்பையை எடுத்து அட்டையை அவன் கையில் வைத்தேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பாட சாமானுக்குள்ள கிடந்ததோ?"

"இல்லை. அண்டைக்கே நான்தான் எடுத்தனான்."

அறையில் இன்னும் நான்கு தமிழர்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடித்தால் அடி வாங்குவது என்றுதான் நின்றேன். அடித்திருந்தால் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவன் முழங்காலுக்குச் சுற்றிய பட்டையைத் தடவியபடி இருந்தான்.

"அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்தவர். பயிற்சி எண்டு சொல்லி வச்சிட்டன்" என்றான். பிறகு கையை நீட்டினான். "தம்பி, அந்தக் கத்திரிக்கோலை எடு."

நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு நான்தானே மூத்தவன். முப்பது வருடங்களில் வீட்டுக்கு வெளியே அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. பட்டை வெட்டும் கத்திரிக்கோலைக் கொடுத்தேன். அட்டையை நடுவால் வெட்டினான்.

"தேதி உன்ரை, நீ வச்சிரு. இது அப்பாட படத்துக்குக் கீழ இருக்கட்டும்."

பிறகு விளையாடப் போனோம். முதல் பாதி முழுவதும் அவன் எனக்குப் பந்தே தரவில்லை. இரண்டாம் பாதியில் ஒன்று தந்தான், நெஞ்சு நோகிற மாதிரி. அதை எறிந்த அழகைப் பார்த்து அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் பணப்பையில் இப்போது பாதி அட்டை இருக்கிறது. ஒரு முத்திரை, ஒரு தேதி. போன கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பாவின் படத்துக்குக் கீழே மற்றப் பாதி இருந்தது. அம்மா அதற்கும் சேர்த்து ஒரு பூ வைத்திருந்தார். இதிலும் நல்ல பாதி அவனுக்குத்தான்.