தோப்புக்கரணம் எந்தச் சட்டத்தில் வருகிறது

ஊரடங்குக் காலத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். மாடியில் நின்று தட்டைத் தட்டினோம், வீட்டிலேயே பரோட்டா போட்டோம் என்பார்கள். எனக்கு வில்லியனூர் ரோட்டில் போட்டிருந்த இரும்புத் தடுப்புதான் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. மூலக்குளம் வீட்டில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா மெடிக்கலுக்குக் கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் ஒரு தாள். அது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் பாரீசில் குடியிருக்கும் சித்தப்பா கொடுத்த யோசனை. அங்கே வெளியே போகிறவர்கள், எதற்குப் போகிறோம் என்று தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு அத்தெஸ்தசியோன் என்று பெயர். “அங்க கவர்மெண்ட்டே நம்ம வார்த்தைய நம்புதுடா” என்று அப்பா சொல்லிச் சொல்லி வியந்தார். ‘மனைவிக்கு மருந்து வாங்கப் போகிறேன்’ என்று தானும் ஒன்று எழுதிக்கொண்டார்.

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, “யாரு குடுத்த பர்மிஷன் இது?” என்றாராம்.

“நான்தான் சார் எழுதினேன்.”

“நீயே எழுதி நீயே கையெழுத்துப் போட்டுக்குவியா? போடு தோப்புக்கரணம்.”

எழுபது வயதைத் தாண்டிய மனிதர் நடுரோட்டில் காதைப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒருவன் அதைச் செல்போனில் படம் பிடித்தான். மருந்து இல்லாமல் திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நீ வக்கீலாச்சே, எந்தச் சட்டத்துலடா இது இருக்கு?”

எதிலும் இல்லை. 144 தடை உத்தரவு இருந்தது, மீறினால் வழக்குப் போட 188-வது பிரிவு இருந்தது, பேரிடர் சட்டம் இருந்தது. பம்பாய் பிளேக்குக்காக இங்கிலீஷ்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டமும் இருந்தது; அவன் போட்டபோது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது. மருந்து வாங்கப் போகலாம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். மீறியவனுக்குக்கூடத் தண்டனை கொடுக்க வேண்டியது கோர்ட்.

நான் வண்டியை எடுத்தேன். முன்னால் ஒட்டியிருந்த வக்கீல் ஸ்டிக்கரைப் பார்த்ததும் அதே போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தி வழிவிட்டார். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்சுலினோடு திரும்பும்போது நிறுத்தி, அப்பா விஷயத்தைக் கேட்டேன்.

“அது உங்க அப்பாவா சார்? தெரியாம போச்சே. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமே.”

அந்தப் பணிவுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு அந்த வீடியோ வந்துவிட்டது. முகத்தில் மாஸ்க் இருந்ததால் யாருக்கும் ஆள் தெரியவில்லை. அனுப்பியவர் சித்தப்பா. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள், அதற்கும் கீழே ஒரு வரி: “நம்ம ஊரு ஜனங்கள இப்படித்தான் வழிக்குக் கொண்டாரணும்.”

நான் பதில் அடிக்க ஆரம்பித்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். “வேணாம்டா. தெரிஞ்சா சங்கடப்படுவான்.”

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வழக்கம்போல் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“நான் சொன்ன மாதிரி அத்தெஸ்தசியோன் எழுதிக்கினு போனியாண்ணே? வேல செஞ்சிதா?”

“செஞ்சிதுடா” என்றார் அப்பா.