காளான் விட்ட மூச்சு

என் மனைவிக்கு இருமல் விடாமல் வந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என் சட்டையைத்தான்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பஃபிங் மெஷினில் எனக்கு வேலை. தோலைத் தேய்த்து வழவழப்பாக்குகிற மெஷின் அது. மூக்கைக் கட்டிக்கொண்டுதான் நிற்போம். அப்படியும் வீடு திரும்பும்போது புருவத்தில்கூடத் தூசு ஒட்டியிருக்கும். அந்தத் தூசுதான் அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றி, நானே வாளியில் முக்கித் துவைத்தேன். குளித்த பிறகுதான் உள்ளே கால் வைத்தேன். இருமல் குறையவில்லை. சாயங்காலமானால் காய்ச்சலும் வந்தது. சளிக்காய்ச்சல் என்று ஊர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவள் வெளியே எங்கும் போகிறவளும் இல்லை. பின்னறையில் சிப்பிக்காளான் வளர்த்துக்கொண்டிருந்தாள். வேகவைத்து ஆறவிட்ட வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, உறி மாதிரித் தொங்கவிட்டிருப்பாள். சுவரோரமெல்லாம் ஈரச்சாக்கு. எங்கள் தெருவில் டேனரிக் கழிவுநீர் நாறாத நாளே கிடையாது. அந்த அறையில் மட்டும் மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை. வேலை விட்டு வந்தால் அங்கே போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சிழுப்பேன். கோடையில் குளுமையாக இருக்கிறதென்று எங்கள் மகள் அங்கேதான் பாய் விரித்துப் படுத்தாள்.

வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில் மனைவி ஒடுகத்தூருக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். போனில் குரல் தெளிவாக இருந்தது.

"காய்ச்சலே இல்லீங்க. உங்கள வுட்டுத் தள்ளி இருந்தாதான் ஒடம்பு நல்லாயிருக்குது போல" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே சூப்பர்வைசரிடம் கெஞ்சி பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டேன். இனி என் உடம்பிலிருந்து தூசு வராது என்ற தைரியத்தில் அவளை அழைத்து வந்தேன். வந்ததும் வராததுமாகப் பின்னறைக்குப் போய், முற்றிக் கிடந்த காளானையெல்லாம் பறித்துக் கொட்டினாள். அன்று பொழுது சாய்வதற்குள் பல் கிட்டும்படி குளிர் எடுத்தது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஆட்டோ பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா கேட்ட கேள்வி எனக்கு விளங்கவே இல்லை.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"கோழி, கிளி?"

"ஒண்ணும் இல்லீங்க. காளான்தான் போட்டிருக்கோம்."

அவர் படத்தைக் கீழே வைத்தார். என் மனைவியைப் பார்த்து, "முத்திப்போச்சுன்னா புகை மாதிரி ஏதாச்சும் வருமா?" என்றார்.

"வரும் மேடம். வெள்ளையா, மெதுவா எழும்பும். காளான் மூச்சு வுடுதுன்னு நெனச்சிப்பேன்."

"அது மூச்சு இல்லம்மா. காளானோட வித்து. மாவு மாதிரி நைசான பொடி. புறா, கோழித் தூசி சிலருக்கு ஆகாத மாதிரி, இது உங்க நுரையீரலுக்கு ஆகல."

"அப்ப என் தோல் தூசி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அதுவும் நல்லதில்ல. ஆனா இவங்களுக்கு வந்தது அது இல்ல."

அவளை வார்டில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவைத் திறந்தேன். காலையில் நான் அங்கே போனதே கிடையாது. ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. அவள் கைக்கு எட்டாமல் விட்ட மேல் பைகளிலிருந்து, நெருப்பில்லாமலே, வெள்ளைப் புகை கிளம்பி அந்த வெளிச்சத்தில் சுருண்டுகொண்டிருந்தது. பொசுக்கென்று மூச்சை அடக்கினேன். ஜன்னல் கட்டையை விரலால் தொட்டால் கோலமாவு மாதிரி ஒட்டியது. மகள் படுக்கும் பாய் மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்தது. அதைத் தட்டினேன். அதிலிருந்தும் பறந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

இரவு பக்கத்து வீட்டில் தங்கியிருந்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வேலூருக்கே கூட்டிப் போனேன். அவளுக்கும் படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நான்தானேங்க அவள அங்க படுக்கச் சொன்னேன்" என்றாள்.

பைகளை நானும் மச்சானும் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அள்ளிக் குழியில் புதைத்தோம். மாத்திரையில் காய்ச்சல் நின்றது. இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. ஆனால் நுரையீரலில் ஒரு ஓரம் தழும்பு விழுந்துவிட்டதாம், அது மாறாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். நான் போய்க் குடத்தை வாங்கிக்கொள்கிறேன்.