தொண்ணூறு பெக்கட் ஜப்பான் தூள்

என் பேரன் பிறந்து மூன்றாம் நாளும் மலம் கழிக்கவில்லை. வயிறு உப்பித் தோல் பளபளத்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிறந்து ஒரு நாள் கடந்தும் பிள்ளைக்கு மலம் போகாவிட்டால் யாருடைய யோசனையையும் கேட்டு நிற்காதீர்கள்.

நோயின் பெயர் கொழும்பில்தான் தெரிந்தது. ஹேர்ஷ்ப்ருங் நோய் (பெருங்குடலின் கடைப்பகுதி நரம்புக் கலங்கள் இல்லாமல் பிறப்பது; அந்த இடம் அசையாது, மலம் மேலே தேங்கிவிடும்). முதலில் கொலொஸ்டமி (வயிற்றில் துவாரமிட்டுக் குடலை வெளியே எடுத்து, மலம் போக வழிவிடுதல்) செய்தார்கள். ஒரு வயதில் அசையாத பகுதியை வெட்டி நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். பிறகு துவாரத்தையும் மூடினார்கள்.

அது எண்பதுகளின் பிற்பகுதி, யுத்த காலம். கிழக்குக் கரையில் எங்கள் ஊரான கல்முனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படுவதென்றால் பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மருமகன் சவூதியில் சாரதி. மகள் நஸீமாவும் நானும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

வெட்டியதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. வயிறு மறுபடி ஊதியது. தினமும் குடல் கழுவச் சொன்னார்கள் (மெல்லிய றப்பர் குழாயைப் பின்வழியாக விட்டு உப்புநீரால் கழுவுதல்). இல்லாவிட்டால் மறுபடியும் துவாரம் போட நேரும் என்றார்கள்.

கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டில் சில மாதங்களுக்கென்று ஒரு ஜப்பானிய டொக்டர் வந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்பவர். ஒருநாள் ஒரு தகர டின்னை என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளித்தாள் பெக்கட்டுகள். கம்போ (ஜப்பானியரின் பழைய மூலிகை வைத்தியம்) மருந்து, பெயர் டைகென்ச்சூதோ. நான் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், எண்ணாமல் எதையும் பொறுப்பெடுக்கமாட்டேன். அவர் முன்னாலேயே எண்ணினேன். தொண்ணூறு. அவர் சிரித்தார்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உலர்ந்த இஞ்சி, எங்கள் நாட்டு மிளகு, ஜின்செங் என்ற வேர், தானியத்திலிருந்து எடுத்த இனிப்பு."

"கத்தி பிடிக்கிற நீங்கள் மூலிகையும் தருகிறீர்களா?"

"கத்தி வழியைத் திறந்தது. குடல் இனி நடக்கப் பழக வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உதவும் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். கழுவுவதை நிறுத்தக் கூடாது."

நாளுக்கு ஒரு பெக்கட். இரண்டாகப் பிரித்து, இளஞ்சூட்டு நீரில் கரைத்து, சாப்பாட்டுக்கு முன். இரண்டாம் வாரத்தில் வயிறு இளகியது. காதை வைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போலக் கேட்டது.

செய்தி ஊருக்குள் பரவியது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டோம். பிஸ்கட்டும் தோடம்பழமும் வந்தன. திரும்பிப் போகும்போது எல்லோருக்கும் ஜப்பான் தூள் தேவைப்பட்டது.

முதலில் கேட்டவர் என் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கிறார்.

"மச்சான், ஜப்பான்காரன் லேசுப்பட்டவனில்ல. நம்மட வேர்க்கொம்ப (சுக்கை) வெள்ளிக் கடதாசில சுத்தி நமக்கே தாறான்."

"வேர்க்கொம்பெண்டா உங்கட குசினியில இல்லயா? ஏன் இஞ்ச கேக்கிறீங்க?"

"இது வெளிநாட்டு வேர்க்கொம்பு. எனக்கு நெஞ்சுக்க ஒரே வாய்வு. ஒண்டே ஒண்டு தாங்க."

"ஏலா."

"ஓம், முத்திரையையும் இப்பிடித்தான் எண்ணி எண்ணித் தந்தீங்க. மௌத்தாகக்குள்ள டின்னையும் கட்டிக்கொண்டு போங்க!"

சிரித்துக்கொண்டே போனார். நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போன பிறகு திரும்பி வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தபோது பேரன் பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வயிறு மேளம் போல் இறுகியிருந்தது. காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. டின்னைத் திறந்தேன். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று. நஸீமாவைக் கேட்டேன்.

"வந்து கேக்கிறவங்களுக்கு இல்லண்டு எப்பிடி வாப்பா சொல்ற? மனம் நொந்து போனாங்கண்டா புள்ளைக்குத்தானே கண்ணூறு."

"அப்ப இவனுக்கு என்னத்தக் குடுத்த?"

"வேர்க்கொம்பு இடிச்சி, சீனி போட்டு... ரெண்டும் ஒண்டுதான் எண்டு மாமா சொன்னாரு."

"குழாய்?"

அவள் அழத் தொடங்கினாள். "ஜப்பான் மருந்து குடிக்கிற புள்ளய என்னத்துக்குக் குழாய் விட்டு வதைக்கிற எண்டு எல்லாரும் கேட்டாங்க வாப்பா."

அவளை ஏசினேன். ஆனால் என் கோபம் அவளிடம் நிற்கவில்லை. இருபத்திரண்டு வயது, கணவன் கடல் கடந்து. அது, எங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே ஒரு பிள்ளையின் மருந்தில் பங்கு கேட்டவர்களிடம் போய் நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பாண்டிருப்பு என்ற அயல் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளம் டொக்டர் இருந்தார். பார்த்ததும் குழாயை எடுத்தார். காற்றும் மலமும் பீறிட்டு அவருடைய சட்டையில் அடித்தன.

"சேட்டுப் போனாப் போகட்டும் ஐயா, பொடியன் தப்பிட்டான்" என்றார். குடல் அழற்சி (தேங்கிய மலத்தால் குடலில் கிருமி பெருகிப் புண்ணாவது) என்று மருந்தும் சேலைனும் ஏற்றினார்கள்.

பாதை திறந்ததும் கொழும்புக்குப் போனோம். நடந்ததையெல்லாம் ஜப்பானிய டொக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்கிக் குடித்தவர்களுக்குச் சுகமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு சொன்னார்: "தூள் குறைந்ததால்தான் வீங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. கழுவுவதை நிறுத்தியதுதான் பெரிய பிழை. மருந்து நல்லது என்றால் மற்றதெல்லாம் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் நாட்டிலும் அப்படித்தான்." பிள்ளைக்கு மறுபடி துவாரம் தேவையில்லை என்றும் சொன்னார். எனக்கு அது போதும்.

அவர் நாடு திரும்பிய பிறகு தூள் வரவில்லை. குழாயால் கழுவுவதை நாங்கள் கைவிடவில்லை. பேரனுக்கு மூன்று வயதானபோது அதையும் நிறுத்தலாம் என்றார்கள். இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறான். வயிற்றில் இரண்டு தழும்புகள்.

நான் பள்ளிவாசல் பாங்கொலியையும் கடிகாரத்தையும் வைத்துப் பொழுதை அறிந்தவன். இப்போது இரண்டும் போதவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வயிறு ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எனக்குப் பின்னேரம் வராது.

போன கிழமை மச்சான் வந்தார்.

"மச்சான், அந்த ஜப்பான் தூள்ல மிச்சம் சொச்சம் ஏதும் இரிக்கா?"

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது. வாயைத் திறந்தேன். பாயில் படுத்திருந்த பேரனின் வயிறு அப்போது ஓடத் தொடங்கியது. பேசாமல் இருக்கும்படி மச்சானுக்குக் கையைக் காட்டிவிட்டு, அது முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.