கொழுப்பு மாத்திரையைச் சஸ்பெண்ட் செய்தேன்

புதுச்சேரியில் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் நான். சந்தேகம் வந்தால் முதலில் சஸ்பெண்ட், விசாரணை பிறகு என்பது எனக்குள் ஊறிப்போன நடைமுறை.

போன கோடையில் என் முன்கையில் இருந்த கறுப்பு மச்சம் பெரிதாகத் தொடங்கியது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தோல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பயத்தில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என்பதையும் மறந்து, அதை யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன். மச்சம் சுருங்கினால் குற்றம் நிரூபணமாகிவிடும் என்று தினமும் காலையில் ஸ்கேலால் அளந்து நோட்டில் குறித்தேன். மச்சம் யார் கண்ணிலும் படாதிருக்க, வெயிலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போதும் முழுக்கைச் சட்டைதான். இரண்டு மாதமாகியும் மச்சம் சுருங்கவில்லை, நான்தான் சுருங்கினேன்.

பிரிக்காத மாத்திரை அட்டைகள் மனைவி கண்ணில் பட்டன. “ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்கத் தெரியுது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலியா?” என்று என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டர் வாட்ஸ்அப் செய்தியைக் கேட்டுவிட்டு என் நோட்டைப் புரட்டினார். “மாத்திரையாலதான் இது வருதுன்னு நிரூபணம் ஒண்ணும் இல்ல சார். நீங்க நிறுத்தினதுல ஹார்ட் அட்டாக் வந்திருக்கலாம். மச்சம் வளந்தா ஒடனே வந்து காட்டணும். அளந்துக்கிட்டா ஒக்காந்திருப்பாங்க?”

மச்சத்தில் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஸ்கேலைத் தொடவில்லை. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. கொழுப்பு மட்டும் எகிறியிருந்தது.

இப்போது மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். உடம்பில் புதிதாக எது தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுகிறேன். பயமுறுத்தும் செய்தி வந்தால் போனை அவரிடமே நீட்டிவிடுகிறேன். அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.