கழுவக் கூடாத அழுக்கு

கிஃபாயத்துல்லாவுக்கு மூக்குதான் மூலதனம். பழவேற்காட்டில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் கம்பெனி கேன்டீன்களுக்குப் போடுவது அவர் தொழில். பெட்டியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால், மீன் எப்போது கரையேறியது என்று சொல்லிவிடுவார். கொழகொழவென்று எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. பெட்டி, தராசு, வேனின் தரை, எல்லாவற்றுக்கும் ப்ளீச்சிங் பவுடர்தான். அவர் சரக்கு நாறுகிறது என்று ஒரு கேன்டீனும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

அந்தச் சுத்தம்தான் வீட்டில் வினையாக வந்து முடிந்தது.

மகள் ஹுமைரா கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனபின் வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. மனைவி ஆபிதா யாரையும் கேட்காமல் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினாள். உள்ளே செடி நட்டு, சிவப்பும் நீலமுமாகப் பொடி மீன்களை விட்டாள். "இத்த கொழம்பு வெச்சா ஒரு வாய்க்குக்கூட காணாதே" என்று கிஃபாயத்துல்லா கேலி செய்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. காலைத் தொழுகை முடிந்ததும் டீயை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மகளை அனுப்பிய நாளிலிருந்து வாடிக்கிடந்த முகம் அங்கேதான் தெளிந்தது.

அவள் வாணியம்பாடிக்குப் போயிருந்த சமயம், தொட்டிக்குள் இருந்த ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டார் மனிதர். ஒரே பழுப்பு, ஒரே கொழகொழப்பு. பொண்டாட்டிக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், வெந்நீரும் ப்ளீச்சிங் பவுடருமாகப் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி மாட்டிவைத்தார். மறுநாளே தண்ணீர் பாலாய்க் கலங்கியது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன.

ஆபிதா திரும்பி வந்து பார்த்தாள். "நல்லா சுத்தமாக்கிட்டீங்க. மீனையும் சேத்து" என்றாள். அவ்வளவுதான். பிழைத்த நாலைந்தை வாளியில் விட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள். "இதுங்களும் போயிட்டா தொட்டிய யாருக்குனா குடுத்துடுங்க. இனிமே எனக்கு இந்த ஆசையே வாணாம்" என்றாள். டீயைச் சமையலறையில் நின்றபடியே குடித்தாள். சண்டை போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்த நின்றுகொண்டு குடிக்கும் டீ அவரைப் போட்டு அறுத்தது.

வாளி மீன்கள் போவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். திருவள்ளூரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் மணவாளனிடம் போய் நடந்ததைச் சொன்னார். மணவாளன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தக் கொழகொழப்புலதான் பாய் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குது. நல்ல கிருமி. மீனு கழிவுல வர்ற வெஷத்த அதான் எடுக்குது. நீங்க அத்தயே கொன்னுட்டீங்க."

"இப்ப இன்னா பண்றது?"

"கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கிக்கினு போங்க. தொட்டிக்கு வெளிய ஒக்காரும். உள்ள எடம் அடைக்காது, சத்தம் வராது, கிருமி தங்கறதுக்கு நெறைய எடம் இருக்கும்."

கிஃபாயத்துல்லா இருப்பதிலேயே பெரியதைக் காட்டினார். மோட்டார் என்று வாங்கினால் பெரிதாக வாங்குவது அவர் வழக்கம்.

"அத்த போட்டா செடியெல்லாம் பேத்துக்கினு வந்துடும் பாய். அந்தப் பொடி மீனு நீந்தாது, அடிச்சிக்கினு போவும். ஒங்க தொட்டிக்கு இது போதும்" என்று நடுவாந்தரமான ஒன்றை எடுத்து வைத்தார் மணவாளன். கூடவே, கடையில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைப் பிடுங்கி, தொட்டித் தண்ணீரோடு பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார். சேறு மாதிரி இருந்தது. "தயிருக்கு ஒறை ஊத்தறோம் இல்ல, அதுமாரி. இத்த உள்ள வெச்சிடுங்க. கழுவிகிழுவி வெச்சிடாதீங்க, ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

வீடு வரும்வரை அந்தப் பை வேனில் அவர் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார்.

தொட்டியில் கலங்கிக் கிடந்த தண்ணீரை மாற்றினார். ஃபில்டரின் தட்டுகளில் ஸ்பாஞ்சையும் கிருமி தங்கும் பீங்கான் வளையங்களையும் பஞ்சையும் அடுக்குவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கிப் பழகிய கை அது. ஆனால் ஃபில்டரைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் ஜம்மென்று வைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று முழித்தார். போனில் மணவாளன், "கீழ எறக்கி வைங்க பாய், தண்ணி தானா எறங்கணும்" என்றார்.

பழைய ஸ்பாஞ்சு ஒன்றுதான் பாக்கி. பையோடு குழாயடியில் நின்றார். சமையலறை வாசலிலிருந்து ஆபிதா பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்வரை போன கை அங்கேயே நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே ஃபில்டருக்குள் வைத்து மூடினார். மோட்டார் கொஞ்சநேரம் கடகடவென்றது. காற்று போக அப்படியும் இப்படியும் சாய்த்துவிட்டதும் அடங்கியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஆபிதா வாளி மீன்களைத் தொட்டியில் விட்டாள். டீ மட்டும் சமையலறையிலேயே இருந்தது.

சில மாதம் மீன்கள் நன்றாகவே இருந்தன. மறுபடி மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, "தொட்டிப் பக்கம் போவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஆபிதா. அவள் திரும்பும் நாள் காலையில் பார்த்தால், ஃபில்டரிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்தது. "அடைச்சிருக்கும். தொட்டித் தண்ணியில மட்டும் அலசுங்க" என்றார் மணவாளன் போனில். கிஃபாயத்துல்லா தொட்டியையும் ஃபில்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தொட்டாலும் பழி, தொடாவிட்டாலும் பழி. வேறு வழியில்லாமல் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு, குளியலறையில் குந்தி, ஃபில்டரைத் திறந்தார்.

வளையமெல்லாம் பழுப்பு. ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுத்தவர், திரும்ப ஒருமுறை நன்றாக இழுத்தார். நாறவில்லை. அழுகலின் சாயல்கூட இல்லை. அதில் உயிர் இருக்கிறது என்று அவர் மூக்கு சொன்னது, மூக்கு சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

ஸ்பாஞ்சை அந்தத் தண்ணீரில் மெல்லப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கையில் பையோடு ஆபிதா நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மறுபடியும் கழுவிட்டீங்களா?"

"இல்ல ஆபிதா. அது தண்ணியிலயே அலசறேன். வா, மோந்து பாரு."

அவள் குனிந்து அவர் உள்ளங்கையிலிருந்த வளையத்தை முகர்ந்தாள்.

"மழ பேஞ்ச மண்ணு வாசன" என்றாள்.

"அதான் நானும் சொல்றேன்."

எல்லாவற்றையும் அடுக்கி மூடி, கீழே வைத்து சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பழைய வேகத்தில் விழுந்தது. மீன்கள் செடிக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஆபிதா இரண்டு டீயைக் கொண்டுவந்து தொட்டி முன்னால் வைத்து உட்கார்ந்தாள்.

"கைய கழுவிக்கினு வாங்க, ஆறிடப் போவுது."

கிஃபாயத்துல்லா தயங்கினார். "சோப்பு போட்லாமா?"

"கைக்குப் போட்டுக்குங்க" என்று சொல்லிச் சிரித்தாள் ஆபிதா.