ஆவணி மலைக்கு நடந்தே போய் நடந்தே வந்தோம்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய அண்ணன் தேவராஜ் நிபந்தனை சொன்னார்.

"நடந்து போயி நடந்து வரணும். நடுவுல பஸ்ஸோ வண்டியோ ஏறினா அதோட சரி. அப்பறம் மூட்டை கட்டிக்கினு எங்கியும் போறேன்னு கேக்கக் கூடாது."

நான் பள்ளிக்கூட டீச்சர், வயது முப்பத்திரண்டு. கூட வருபவள் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த வயதில், சொந்தச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, மலையேற அனுமதி கேட்டு நின்றது எனக்கே எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சரி என்றேன். அண்ணன் மனசு இளகி, சுரங்கத்தில் போடும் பூட்ஸில் இன்னொரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் அதற்கு மிஞ்சிய செருப்பு உலகத்திலேயே கிடையாது என்று நம்பிக்கை. நானும் நம்பினேன். முன்பக்கம் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டேன்.

மற்றபடி எங்கள் சாமான்களில் குறை சொல்ல முடியாது. பழைய காக்கி பேண்டைப் பிரித்து, தோளில் மாட்ட அகலமான இரண்டு பட்டை வைத்துத் தைத்த பை. பட்டை ஒல்லியாக இருந்தால் தோளை அறுத்துவிடும். கூடாரத்துக்கு ஒரு பழைய தார்ப்பாய், ஆளுக்கொரு கம்பளி. ஸ்டவ் எடுக்காதீர்கள், வீண் கனம். மூன்று கல் எங்கும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அவல், வெல்லம், வறுத்த வேர்க்கடலை, தாளிக்கக் கொஞ்சம் எண்ணெய், மிளகாய், உப்பு, முதல் நாள் பகலுக்கு மட்டும் புளிச்சோறு.

எட்டே முக்காலுக்குப் பேத்தமங்கலம். ஆறு மைல். இந்த ரோட்டில் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டு கிலோமீட்டர் கல் நடுகிறார்கள். ஆறு என்பது பத்தாகத் தெரிந்து மலைப்பாக இருக்கிறது. நடைக்கு நாங்கள் வைத்த கணக்கு எளிது: பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. ஆனால் நான் நாலாவது மைலிலேயே பேச்சை நிறுத்திவிட்டேன். டீக்கடை பெஞ்சில் பூட்ஸைக் கழற்றினால் இரண்டு குதிகாலும் கொப்புளம் உடைந்து ரத்தம். ஸ்டெல்லா துடைத்துக் கட்டுப் போட்டாள்.

"இதைப் போட்டுக்கினு அவங்க எவ்ளோ தூரம் நடக்கறாங்க? வூட்லர்ந்து சொரங்கத்து வாய் ஷாஃப்ட் வரைக்கும். அப்பறம் கேஜ் கூண்டு எறக்கி வுட்டுடுது. உன்ன யாரு கேஜ்ல தூக்கினு போவப் போறாங்க?"

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு டீக்கு இருபது பைசா கொடுத்து, பூட்ஸைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, பையில் இருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆவணி இன்னும் எட்டு மைல், பாதிக்கு மேல் வண்டிப்பாதை. போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆயிற்று. மலைமேல் சீதை கோயில். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை இங்கேதான் பிள்ளை பெற்றாள் என்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வேண்டிக்கொள்ள வருவார்கள். அடிவாரத்துத் தேங்காய்க் கடை அம்மாள் எங்கள் மூட்டைகளைப் பார்த்தாள்.

"பிள்ளை வரத்துக்கா வந்தீங்க? வூட்டுக்காரர் வரலியா?"

"கல்யாணமே ஆவல. மலையைப் பாக்க வந்தோம்மா," என்றேன்.

"ரெண்டு பொம்பளைங்க தனியாவா?"

"மேல இருக்கற சீதையம்மாவும் இங்க தனியாத்தான இருந்தாங்க?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, குளிக்கவும் குடிக்கவும் எந்தச் சுனை நல்லது என்று வழி சொன்னாள். பாறை மறைவில் தார்ப்பாயைக் கட்டினோம். சாயங்காலக் காற்றில் சுள்ளி பற்றவைக்கப் பாதி தீப்பெட்டி காலி. ஆனாலும் அந்த அவல் உப்புமாவைப் போல் நான் எங்கும் சாப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இறங்கினோம். பேத்தமங்கலம் வந்து சேரும்போது பன்னிரண்டரை. கட்டு நனைந்து செருப்போடு ஒட்டிக்கொண்டது. பூட்ஸை வாங்கிப் பைமேல் கட்டும்போது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா.

"ஏறுங்க டீச்சரம்மா, எடம் இருக்குது."

ஸ்டெல்லா என் காலைப் பார்த்தாள். "நர்ஸா சொல்றேன், ஏறு."

"நர்ஸா சொல்லாத. கூட வந்தவளா சொல்லு."

 அவள் என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்பிடின்னா நட."

பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தேன். காலில் புண் இருந்தால் அரை மைலுக்கு ஒருமுறை உட்காருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். பிறகு எழுந்திருக்க மனசு வராது. ஆறு மைலுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

அண்ணன் வாசலிலேயே இருந்தார். என் காலைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"இன்னா இது, பஸ் கெடைக்கலியா?"

"கெடைச்சுது. ஏறல."

ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். உள்ளே போய் அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். "சரி, ஜெயிச்சிட்ட. அடுத்த தபா எங்க போவணும்னு கேளு, பாக்கலாம்."

"அடுத்த மாசம் நந்தி மலை," என்றேன். "கேக்கலண்ணா. சொல்றேன்."