வெள்ளி போடாத குடுவை

ஈரானின் காஷான் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைக் கொண்டு பென்சைல் ஆல்கஹாலைக் கசப்பு வாதுமை மணக்கும் திரவமாக மாற்றுவது மஹ்லகாவின் வேலை. வெள்ளி அப்படியே இருக்கும், ஆல்கஹால்தான் மாற வேண்டும். நான்கு வருடமாக அது சரியாக மாறவில்லை.

போன வாரம் மாறிவிட்டது. தொண்ணூறு சதவீதம் மாறியதாகக் கருவி காட்டியது. நல்ல முடிவு வந்தவர் அன்றே இனிப்பு வாங்க வேண்டும் என்பது கூடத்து வழக்கம். வாங்கினாள். அவள் அம்மா உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து, மகள் டாக்டராகிவிட்டாள் என்றாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி. வெள்ளி போடாமல் அதே வேலையைச் செய்து, எதுவும் நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். மஹ்லகா குடுவையைச் சூட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கூடம் வாதுமை மணத்தது.

பக்கத்து மேசை ஹூமன் மோப்பம் பிடித்தான்.

"உன் வெள்ளி இன்னிக்கும் பிரமாதமா வேலை செய்யுதே!"

"வெள்ளி போடவே இல்ல."

"குடுவைய ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட."

"புதுக் குடுவை."

"இனிப்பத் திருப்பிக் கேக்காத. சாப்பிட்டாச்சு."

கலக்குவதற்காக உள்ளே சுழலும் காந்தக் குச்சியை அவள் எடுத்துப் பார்த்தாள். வெள்ளை உறையில் சாம்பல் நிறக் கீறல். புதியது கிடைப்பது கஷ்டம் என்பதால் குச்சிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். இது ஹூமன் பல்லேடியம் என்ற உலோகத்தோடு வேலை செய்த காலத்தது; அதுவும் ஆல்கஹாலை மாற்றும், கீறலில் ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

"இது உன்னோட பல்லேடியம்."

"என்னோடதா? என் குடுவையில அது இவ்வளவு நல்லா வேலை செஞ்சதே இல்லையே!"

வேறு துறையில் கெஞ்சி ஒரு புதுக் குச்சி வாங்கினாள். அதைக் கொண்டு, வெள்ளி போட்டு மறுபடி செய்து பார்த்தாள். பதினான்கு சதவீதம். வெள்ளி போடாத குடுவையில் ஒன்றும் மாறவில்லை.

அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர் நிக்பை, முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"தொண்ணூறு எங்கம்மா போச்சு?"

"அது வெள்ளியோடது இல்ல, உஸ்தாத்."

"தேதி குறிச்சாச்சு. வெள்ளி போடாத குடுவையப் பத்தி யாரு கேக்கப் போறாங்க?"

மஹ்லகா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் கேட்டுட்டேனே."

அவர் பேனாவைத் திறந்து, நாட்காட்டியில் குறித்திருந்த தேர்வுத் தேதியை அடித்துவிட்டார்.

"பதினால இருபதாக்க முடியுமான்னு பாரு."

"சரி, உஸ்தாத்."

அவள் போய், புதிதாக வெள்ளித் துகள் செய்ய வெள்ளி நைட்ரேட்டைத் தராசில் வைத்தாள்.